லொடக் சத்தம் யார் கணக்கில்?

எங்கள் தெருமுனை வேகத்தடையை மாநகராட்சி போடவில்லை. முனைவீட்டுக்காரர், வீடு கட்டி மிஞ்சிய சிமென்டையும் ஜல்லியையும் வைத்து ஓர் இரவில் போட்டுவிட்டார். சென்ற மே மாதம் ஒருநாள் காலை அதில் ஏறி இறங்கும்போது என் எஸ்யூவியின் இடது முன்பக்கத்திலிருந்து ‘லொடக்’ என்று ஒரு சத்தம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கேட்டிருக்காது. கேட்டுத் தொலைத்துவிட்டது, அதன்பிறகு பாட்டு எதுவும் காதில் ஏறவில்லை. வண்டிக்கு அப்போது நாலே முக்கால் வயது. ஓடியது 68,000 கிலோமீட்டர். காசு கொடுத்து நீட்டித்த வாரன்டி முடிய இன்னும் மூன்று மாதம்.

சர்வீஸ் சென்டரில் ஒரு பையன் வண்டியை ஓட்டிப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான். அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட சாலை, கண்ணாடி மாதிரி இருக்கும். “ஒரு சத்தமும் இல்லையே சார். அஞ்சு வருஷ வண்டி, இதெல்லாம் நார்மல்தான்” என்றார் அட்வைசர். ஜாப் கார்டில் ‘சோதித்ததில் குறை இல்லை’ என்று எழுதி, வண்டியைப் பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள்.

மறுநாள் புதுப்பேட்டையில், எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் ஓட்டியே பார்க்கவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கினார். லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே நீள இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். “செல்லுல லைட் அடிங்க சார். தெரியுதா?” கறுப்பு ரப்பரில் வாய் பிளந்த மாதிரி ஒரு கிழிசல். நெம்பினால் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. “புஷ் போயிடுச்சு. ஆர்மோட மாத்தணும். வாரன்டி இருக்குல்ல, அங்கயே மாத்துங்க. என்கிட்ட எதுக்கு தண்டச் செலவு?” என்றார். நல்ல மனிதர்.

கைப்பிடிக்குள் அடங்கும் அந்த ரப்பர்த் துண்டு எப்படிச் செத்தது? அதன் சாவு யார் கணக்கில்? முதல் கேள்விக்கு இயற்பியலும் வேதியியலும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அவை பதில் சொல்லும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வில்வண்டி என்ற பெயரிலேயே சஸ்பென்ஷனின் பாதிக் கதை இருக்கிறது. கட்டை வண்டியில் அச்சின் மேல் சட்டம் நேராக உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி அப்படியே முதுகெலும்புக்கு வரும். வில்வண்டியில் இரண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருக்கும். சக்கரம் மேலே போகலாம், உட்கார்ந்திருப்பவர் உடனே கூடப் போக வேண்டியதில்லை. காரில் அந்தப் பட்டை சுருளாகிவிட்டது, வேலை அதேதான்.

வில்லின் கணக்கைக் கண்டவர் ராபர்ட் ஹூக். எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு விசை. வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, 1676-ல் அதை எழுத்துகளைக் குலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். 1678-ல்தான் விடையைச் சொன்னார். அவருடைய விதியிலிருந்து அழகான ஒரு முடிவு வருகிறது. வண்டியின் எடை தெரிய வேண்டாம், ஸ்பிரிங்கின் கனம் தெரிய வேண்டாம். நிற்கும் வண்டியின் பாரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும், அது நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம். 15 செ.மீ. அமுங்கியிருந்தால் சுமார் 1.3 முறை. 3 செ.மீ. மட்டுமே அமுங்கும் விறைப்பான பட்டை என்றால் கிட்டத்தட்ட 3 முறை. மனித உடலுக்கு மேலும் கீழுமான அதிர்வில் அதிகம் ஒவ்வாதது நொடிக்கு 4 முதல் 8 முறை வரை. நாம் நடக்கும்போது உடல் ஆடுவது ஏறத்தாழ 2 முறை. கார் செய்பவர்கள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் வைக்கப் பாடுபடுவது இதனால்தான். தொட்டிலை யாரும் நொடிக்கு ஐந்து முறை ஆட்டுவதில்லை.

ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். மேட்டில் ஏறிய வண்டி, அடுத்த தெரு வரை எகிறி எகிறியே போகும். அதை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். பெயர் பொருத்தமே இல்லை. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். ஷாக் செய்வது, வாங்கிய அதிர்ச்சியைச் செலவழிப்பது. எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன், அதில் சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றை மூடித் திறக்கும் மெல்லிய தகடுகள். எண்ணெய் அந்த ஓட்டைகளில் முட்டி மோதிப் போகும்போது ஆட்டம் வெப்பமாக மாறிவிடுகிறது. ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ இருக்கிறது, அது 5 செ.மீ. இறங்குகிறது என்றால் சுமார் 200 ஜூல். கரடான சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடும்.

இந்த எண்ணெய்க்கும் சகிப்புக்கு எல்லை உண்டு. பிஸ்டன் வேகமாக ஓடும்போது எண்ணெய் நுரைத்துவிட்டால், நுரைக்குள் பிஸ்டன் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். அதனால்தான் நைட்ரஜனை அழுத்தி அடைத்து விற்கிறார்கள். ‘கேஸ் ஷாக்’ என்று சொல்வது அதைத்தான். வாயு மட்டுமே இருக்கும் ஷாக் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எண்ணெயை வெளியே விடாமல் காப்பது குரோம் பூசிய தண்டைக் கவ்வி நிற்கும் ஒரு சீல். தண்டை மூடும் ரப்பர் உறை கிழிந்தால் புழுதி ஒட்டும், புழுதி தண்டைக் கீறும், கீறிய தண்டு சீலை அறுக்கும். அதிலிருந்து மெதுவாகக் கசிவு தொடங்கும். மெதுவாக என்பதுதான் விவகாரம். ஷாக் ஒரே நாளில் சாவதில்லை. ஓட்டுபவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பழகிக்கொள்கிறார். ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த மைத்துனர் ஏறி உட்கார்ந்தால்தான், “என்ன மாமா, வண்டி தொட்டில் மாதிரி ஆடுது?” என்ற கேள்வி வருகிறது.

பானட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை நம்ப வேண்டாம். கை அமுக்கும் வேகம் மிகக் குறைவு. ஷாக்கின் தகடுகளில் பாதி அப்போது வேலைக்கே வராது. முழுக்கச் செத்த ஷாக்கை மட்டும் அது காட்டிக்கொடுக்கும். டயர் அதைவிட நேர்மையான சாட்சி. டயரைச் சுற்றி உள்ளங்கையை ஓட்டினால் மேடு பள்ளமாகத் தட்டுப்படுகிறதா? சக்கரம் தரையில் ஊன்றி ஓடாமல் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை தத்தித் தத்தி ஓடியிருக்கிறது என்று பொருள். தத்தும் சக்கரத்தில் பிரேக் பிடித்தால், அது காற்றில் இருக்கும் நேரத்துக்குப் பிடிமானம் கிடையாது.

இனி புஷ். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு கீல் மாதிரி அசைய வேண்டும். இரும்போடு இரும்பு உரசும் கீல் என்றால் கிரீஸ் கேட்கும், சத்தம் போடும், சாலையின் ஒவ்வொரு மணலையும் உங்களிடம் கோள் சொல்லும். ஆகவே வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் பற்றவைத்த ரப்பர். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெரும்பாலான புஷ்களில் எதுவும் எதன் மேலும் வழுக்குவதில்லை. உள் குழாயை போல்ட் சட்டத்தோடு இறுக்கிவிடும். வெளி வளையம் ஆர்மோடு போகும். சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. துணி பிழியும் கையைப் போல, வாழ்நாள் முழுக்க. பிரேக் பிடிக்கும்போது இழுபடுவது தனி.

ரப்பர் என்பது நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். குலசேகரத்துத் தோட்டத்தில் கொட்டாங்கச்சியில் சொட்டும் பாலைக் காய வைத்தால் அது வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது, சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுந்தன. இழுத்தாலும் பழைய உருவத்துக்குத் திரும்பும் பொருள் கிடைத்தது. ஆனால் சங்கிலியின் வழிநெடுக இரட்டைப் பிணைப்புகள் மிச்சம் இருக்கின்றன. அவைதான் பலவீனமான கணுக்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் மெதுவாக அவற்றில் வேலை செய்து ரப்பரைக் கட்டிதட்ட வைக்கிறது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த வேலை ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு ஒரு சாண் மேலே, சூடான எஞ்சினுக்குக் கீழே தொங்கும் புஷ்ஷுக்கு என்ன கதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசோன் இன்னும் மோசம். உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, தரைமட்டத்தில் பத்துக் கோடிக்குச் சில பங்கு இருந்தாலே ரப்பரின் இரட்டைப் பிணைப்பைத் துண்டிக்கப் போதும். பழைய டயரின் பக்கவாட்டில் தெரியும் நுண்ணிய வெடிப்புகளில் பெரும்பங்கு அதன் கைவேலை. இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இழுவிசை இல்லாத ரப்பரில் ஓசோன் வெடிப்பு வராது. இழுபட்ட நிலையில் இருந்தால் மட்டுமே, இழுப்புக்குக் குறுக்கே வெடிப்பு திறக்கும். இந்த நிபந்தனையை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்குள்தான் என் வண்டியின் கதை சிக்கிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன் தெருமுனைக்கு ஒருமுறை போய் வருவோம். வேகத்தடைக்கும் இலக்கணம் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐஆர்சி 99 என்ற நெறிமுறை 1988-லேயே சொல்லிவிட்டது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு; மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்க. அந்த வேகத்தில் 3.7 மீட்டரைக் கடக்க அரை நொடி ஆகும். எங்கள் முனைவீட்டுக்காரரின் படைப்பு அதே உயரம், அகலம் 35 செ.மீ. அதே வேகத்தில் போனால் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. முதல் தடையில் சக்கரம் நொடிக்கு 40 செ.மீ. வீதம் மேலே ஏறுகிறது. இரண்டாவதில் 4 மீட்டர் வீதம். டயரின் உருண்டை வடிவமும் ரப்பரும் இதைக் கொஞ்சம் தணிக்கும்தான். ஆனாலும் பத்து மடங்கு என்பது பத்து மடங்கு. அந்த இருபதில் ஒரு பங்கு நொடி, தத்தும் சக்கரத்தின் ஓர் அரை ஆட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி. சக்கரத்தை எகிற வைக்க இதைவிடத் தோதான ஒன்றைத் திட்டமிட்டுக்கூடச் செய்ய முடியாது. வேகத்தடையை ஆராய்ந்து வடிவமைத்த முன்னோடிகளில் ஒருவர் ஆர்தர் காம்ப்டன், 1927-ல் இயற்பியல் நோபல் பெற்றவர். எங்கள் தெருவில் அந்த வேலையை ஒரு மேஸ்திரியும் இரண்டு சித்தாளும் முடித்துவிட்டார்கள்.

“எஸ்யூவிதானே, எதையும் தாங்கும்” என்று விளம்பரம் பார்த்தவர்கள் சொல்வார்கள். தரையிலிருந்து உயரமாக இருப்பது அடி தட்டாமல் காக்கும், அடி வாங்காமல் காக்காது. இன்று விற்கும் எஸ்யூவிகளில் பல, உயரமாக நிறுத்திய கார்கள். லாரி மாதிரி தனிச் சட்டம் கொண்டவை அல்ல. எடை கூடுதல். அழகுக்காகப் பெரிய அலாய் சக்கரம் போட்டு, டயரின் ரப்பர்ச் சுவரைக் குறைத்துவிடுகிறார்கள். டயர் விழுங்க வேண்டிய அடியில் ஒரு பங்கு புஷ்ஷுக்கும், ஆர்மின் மறுமுனையில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டுக்கும் போகிறது. வாங்கும்போது நானும் 18 அங்குலச் சக்கரத்தைப் பார்த்து மயங்கியவன்தான்.

காது பழகினால் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். பாய் சொல்லிக் கொடுத்தது இது. சின்னச் சின்ன மேடுகளில், மெதுவாகப் போகும்போது, டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ‘கடகட’ என்றால் முதலில் லிங்க் ராட்டைப் பார்க்க வேண்டும். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியையும் சக்கரத்தையும் இணைக்கும் விரல் கனத் தண்டு அது. இரண்டு முனையிலும் குட்டிப் பந்து மூட்டுகள். நம் ஊர்ச் சாலைகளில் முதலில் போவது பெரும்பாலும் அதுதான். சந்தேகம் என்றால் இரண்டு பக்க லிங்க் ராட்டையும் கழற்றிவிட்டுத் தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால் போதும். சத்தம் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு ‘டொம்’ என்றால் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘கிறீச்’ அல்லது ‘டிங்’ என்றால், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங். வேகம் ஏற ஏற விமானம் மாதிரி இரைந்தால் அது சஸ்பென்ஷனே அல்ல, சக்கர பேரிங். இவற்றில் தள்ளிப்போடக் கூடாதது பால் ஜாயின்ட். மற்றவை தேய்ந்தால் சத்தமும் டயர்ச் செலவும். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

இப்போது வாரன்டி. நிபந்தனைத் தாள்களில் இரண்டு சொற்கள் எதிரெதிராக நிற்கும்: ‘உற்பத்திக் குறை’, ‘இயல்பான தேய்மானம்’. முதலாவது அவர்கள் செலவு, இரண்டாவது நம் செலவு. பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் பிளேடு எல்லாம் இரண்டாவதில் போவதை யாரும் குறை சொல்ல முடியாது. ரப்பர் பாகங்களையும் புஷ்ஷையும் பல நிறுவனங்கள் அதே பட்டியலில் சேர்த்துவிடுகின்றன, அல்லது குறுகிய காலத்துக்கு மட்டும் பொறுப்பேற்கின்றன. ஷாக்கில் எண்ணெய் ஈரம் மட்டும் பூத்திருந்தால் ‘வியர்வை’, மாற்ற மாட்டார்கள். சொட்டினால் ‘கசிவு’, மாற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு அட்வைசரின் கண்ணில் இருக்கிறது.

இயற்பியல் இப்படி இரண்டாகப் பிரிப்பதில்லை. சரியில்லாத ரப்பரும் தேய்ந்துதான் சாகும், நல்ல ரப்பரும் தேய்ந்துதான் சாகும். வித்தியாசம் எப்போது என்பதில்தான். அந்த ‘எப்போது’க்குக் கணக்கு போட்டவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வைபுல். 1951-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தச் சூத்திரம் உலகெங்கும் பரவியது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு வகைப் புஷ்ஷுக்கு, அந்தச் சூத்திரத்தில் வரும் ஆயுள் அளவு 1.2 லட்சம் கி.மீ. என்றும், தேய்மானத்துக்கு ஏற்ற வடிவ எண் 3 என்றும் வைத்துக்கொள்வோம். 40,000 கி.மீ.க்குள் நூற்றுக்கு 4 வண்டியில் போகும். 60,000-க்குள் 12 வண்டியில். ஒரு லட்சத்துக்குள் 44. அதாவது 40,000-ல் பொறுப்பைக் கழற்றிக்கொள்ளும் நிறுவனத்துக்குச் செலவு சொற்பம். ஒரு லட்சம் வரை பொறுப்பேற்றால் பதினோரு மடங்குக்கும் மேல். எந்தப் பாகத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கோடு எங்கே விழும் என்பதை இந்த வளைகோடு தீர்மானிக்கிறது. ‘இயல்பு’ என்ற சொல்லை அங்கே வைத்து அழகாக ஒட்டிவிடுகிறார்கள்.

சரி, அந்த நூற்றில் சீக்கிரம் போன ஒன்று என்னுடையது என்றால்? ஒற்றைப் புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, இது மட்டமான ரப்பரா, மட்டமான சாலையா, வெறும் கெட்ட நேரமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆயிரம் புஷ்களின் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் சொல்லலாம். அந்த ஆயிரத்தின் கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒன்று. வாரன்டிச் சண்டை சமமாக நடக்காததற்குக் காரணம் அட்வைசரின் குணம் அல்ல, இந்த ஏற்றத்தாழ்வு. 2021-ல் ஃபோர்டு நிறுவனம் 2013 முதல் 2017 வரையிலான எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகளில் சுமார் 7.75 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. பின்சக்கரத்தின் போக்கைப் பிடித்திருக்கும் டோ லிங்க், மூட்டு இறுகிப்போனதால் முறியக்கூடும் என்பது காரணம். எட்டு வயதான வண்டிகளும் அதில் உண்டு. ஒவ்வொரு சொந்தக்காரரும் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் “பழைய வண்டி, துரு பிடிச்சிருக்கு” என்ற பதில்தான் கிடைத்திருக்கும். குவியல் பேசியதால் அது தேய்மானம் அல்ல, குறை என்று ஆயிற்று.

நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் 1 முதல் அரசே வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, விற்பனைக்கு ஏற்ற அளவில் புகார்கள் சேர்ந்தால். ஆகவே ‘சோதித்ததில் குறை இல்லை’ என்று ஜாப் கார்டில் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தக் குவியலிலிருந்து ஒரு கல் குறைகிறது. கைக்காசு போட்டு வெளியே மாற்றிக்கொள்ளும்போதும் குறைகிறது. பாய் என்னைத் திருப்பி அனுப்பியது, அவர் அறியாமலே, சரியான புள்ளியியல்.

இரண்டாம் முறை போகும்போது கொஞ்சம் தயாராகப் போனேன். கிழிசலைக் கம்பியால் நெம்பித் திறக்கும் காணொளி செல்போனில். ‘இடது முன்பக்கம், காலையில் முதல் ஓட்டத்தில், 15 கி.மீ. வேகத்தில், வேகத்தடையில் இறங்கும்போது’ என்று நான் சொன்ன சொற்களையே ஜாப் கார்டில் எழுத வைத்தேன். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே ஓட்டினேன். கண்ணாடிச் சாலையில் அல்ல, பின்னால் இருந்த சந்தில். மூன்றாவது பள்ளத்தில் அவரே “ம்ம், இருக்கு சார்” என்றார். இடது லோயர் ஆர்ம் வாரன்டியில் மாற்றப்பட்டது. லிங்க் ராட் இரண்டும் தேய்மானப் பட்டியல் என்பதால் என் காசு. அலைன்மென்ட்டும் என் காசு. வலது ஆர்மைத் தொடவில்லை, அது இன்னும் கிழியவில்லையாம். வாரன்டிக்கும் இயற்பியலுக்கும் ஒத்துவராத இன்னொரு இடம் இது. ஒரே சாலையில், ஒரே வெயிலில், ஒரே தூரம் ஓடிய ஜோடியில் ஒன்று போனால் மற்றது பின்னாலேயே கிளம்பிவிட்டது என்று பொருள். ஷாக் என்றால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் கிழடுமாக இருந்தால் அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். வாரன்டி செத்ததை மட்டும்தான் மாற்றும்.

ஐந்து மாதத்தில், 9,000 கி.மீ. கூட ஓடாமல், அதே இடது பக்கத்தில் அதே ‘லொடக்’. இந்த முறை பாய் கிழிசலைப் பார்க்கவில்லை, போல்ட்டைப் பார்த்தார். “வண்டியை லிஃப்ட்ல தூக்கி வச்சே டைட் பண்ணிட்டாங்க சார்.”

அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லிஃப்டில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும், ஆர்மும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால், புஷ்ஷின் உள் குழாய் அந்தக் கோணத்திலேயே சட்டத்தோடு பூட்டிக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். இனி வண்டி சும்மா நின்றாலும் ரப்பர் பிழிந்த துணி மாதிரியே இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்குக்கு மேல் ஒரு முறுக்கு. இழுபட்ட ரப்பரைத்தான் ஓசோன் தின்னும் என்று சொன்னேன் அல்லவா? ராத்திரி முழுக்க வாசலில் நிற்கும்போதும் அதற்கு விருந்து. சரியான முறை, எல்லா போல்ட்டையும் தளர்வாகக் கோத்து, வண்டியைச் சக்கரத்தில் நிற்க வைத்து, பாரம் ஏறிய பிறகு கடைசி இறுக்கு. கார் நிறுவனங்களின் பழுதுபார்ப்புக் கையேடுகளிலேயே இது இருக்கிறது. கூடுதலாகப் பத்து நிமிட வேலை.

அந்த 9,000 கி.மீ. புஷ், தேய்மானமா குறையா? இரண்டும் இல்லை. ஆனால் நிறுவனத்தின் கணக்கில் அது எப்படி ஏறும் என்று நினைக்கிறீர்கள்? வாரன்டி முடிந்துவிட்டிருந்ததால் முதலில் மறுத்தார்கள். மாற்றிப் போட்ட பாகத்துக்கும் செய்த வேலைக்கும் தனிப் பொறுப்பு உண்டு என்று பழைய பில்லின் பின்பக்கத்தில் அவர்களே அச்சிட்டிருந்ததைக் காட்டியதும் மாற்றினார்கள். அப்போதும் மறுத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைப்பதாக இருந்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றாலும் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்; அப்போது கையில் நிற்பவை ஜாப் கார்டும் பில்லும்தான்.

உங்கள் வண்டிக்கும் லோயர் ஆர்ம் மாற்றும் நாள் வரும். கழற்றிய பழைய ஆர்மைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். “கடைசி டைட் வண்டி தரையில நின்னப்புறம்தான்” என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லி, முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.